உக்காந்துட்டியா?

டிசம்பர் 9, திங்கள்

இது டைரி இல்லை. அம்மாவின் வலி பத்துக்கு எவ்வளவு என்று தினமும் குறிக்கச் சொல்லி ஜெசிந்தா சிஸ்டர் கொடுத்த நோட்டு. காலையில் ஏழு. மாலை மருந்துக்குப் பிறகு நான்கு. அவ்வளவு எழுதினால் போதும். ஆனால் இங்கே எனக்கு வேறு வேலையில்லை. லேப்டாப்புக்கு சிக்னல் விட்டு விட்டு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகிற சாலையில் பிரிந்து உள்ளே வரவேண்டும். வாசல் போர்டில் முன்பாதி எழுத்துகள் உதிர்ந்துபோய் ‘இல்லம்’ என்பது மட்டும் மிச்சம். யாரும் சரி செய்யவில்லை. பத்துப் பன்னிரண்டு கட்டில்கள். ஒன்றின் பக்கத்திலும் மானிட்டர் கிடையாது.

“ஹார்ட் ரேட், ஆக்ஸிஜன் எல்லாம் எதுல பாப்பீங்க சிஸ்டர்?”

“ஆளைப் பாப்போம் தம்பி.”

இது ஒரு பதிலா? நான் ஃபைபர் நெட்வொர்க்கில் வேலை பார்க்கிறேன். சென்னையில் எனக்கு எதிரே சுவர் முழுக்கத் திரைகள். எந்த ஊரில் கேபிள் அறுந்தாலும் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரியாத இடத்தில் எனக்குக் கண் தெரியாது.

அம்மாவிடம் சொல்லியிருப்பது: உடம்பு தேற ஒரு மாதம் இங்கே, பொங்கல் கழித்து அடுத்த கீமோ. டாக்டர் என்னிடம் சொன்னது: கணையத்திலிருந்து ஈரலுக்கு வந்துவிட்டது, இனி கீமோ இல்லை, சில வாரங்கள். சுபா அக்காவிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அவள் மஸ்கட்டில் இருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் ஆறாவது மாதம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் சந்தானம் மாமாவின் திட்டம். அம்மாவின் தம்பி. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவர் வாயிலிருந்துதான் வரும். “ரெண்டு பேருக்கும் மூச்சு விடப்படாது மாப்ள. தெரிஞ்சா இவ ஒடஞ்சிருவா. தெரிஞ்சா அவளுக்குப் பிள்ளை தங்காது.” யோசித்துப் பார்த்தேன். தர்க்கம் சரியாக இருந்தது.

அம்மாவுக்கு ஜன்னலோரக் கட்டில். ஜன்னல் முழுக்க மலை. நீலக் கட்டம் போட்ட போர்வை. நான் பிளக் பாயின்ட் தேடிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

“முகுந்தா, உக்காந்துட்டியா?”

நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

“இல்லம்மா, சார்ஜர் போட இடம் தேடுறேன்.”

“சரி” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

வலி ஐந்து, மூன்று. மார்ஃபின் மாத்திரை. மலச்சிக்கலுக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று. மத்தியானம் ரசம் சாதம் நாலு வாய்.

டிசம்பர் 12, வியாழன்

டவுனுக்குப் போய் விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் மீட்டர் வாங்கி வந்தேன். அம்மாவின் ஆள்காட்டி விரலில் மாட்டினேன். சிவப்பு எண் எரிந்ததும் எனக்கு மூச்சு சீராயிற்று. அம்மா விரலைத் தூக்கிப் பார்த்தாள்.

“யாருடா எனக்கு மோதிரம் போட்டது?”

“நான்தாம்மா.”

“பொண்ணு பாக்கச் சொன்னா எனக்குப் போடுறியா?”

பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த சிஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். “மீட்டர் இருக்கட்டும் தம்பி. ஆனா காலையில இருந்து நீங்க அந்த விரலைத்தான் பாக்குறீங்க. அம்மா உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்காங்க.”

எனக்கு எரிச்சல் வந்தது. வேறு விஷயத்துக்குத் தாவினேன். “அம்மாகிட்ட நீங்க எதுவும் சொல்லிடக் கூடாது. மாமா சொன்னாருல்ல?”

“நானா போய்ச் சொல்ல மாட்டேன். அவங்க கேட்டா, பொய்யும் சொல்ல மாட்டேன்.”

“கேட்டா என்ன பண்ணுவீங்க?”

“ஏன் கேக்குறீங்கன்னு கேப்பேன். பாதிப் பேரு அதுக்கு மேல அவங்களே சொல்லிருவாங்க.”

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அம்மா தூங்குகிறாள் என்றேன். “எப்பக் கேட்டாலும் தூங்குறாங்களா? கும்பகர்ணன் வம்சமாடா நாம?” என்றாள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் முழுசாக இருந்தது. அம்மா விழித்துத்தான் இருந்தாள். நான் வராந்தாவில் பேசினேன். ஜன்னல் திறந்திருந்தது என்பதை வைத்த பிறகுதான் பார்த்தேன்.

உள்ளே போனதும், “உக்காந்துட்டியா முகுந்தா?” என்றாள் மறுபடி. மருந்து மயக்கம்.

டிசம்பர் 14, சனி

வலி மூன்று. காய்ச்சல் இல்லை. மலை இருந்தது.

(‘மலை இருந்தது’ என்று ஏன் எழுதினேன் தெரியவில்லை. அடிக்க வேண்டாம்.)

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. விடிந்தபோது ஜன்னலில் மலை இல்லை. பனி. வேலி வரைதான் உலகம். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மாட்டை ஓட்டிப் போகிறார்கள், மணிச்சத்தம் மட்டும் போகிறது. எங்கோ கோயில் ஒலிபெருக்கி பாடுகிறது, ஒரு வரி வருகிறது, அடுத்த வரியைப் பனி எடுத்துக்கொள்கிறது.

அம்மா பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் இல்லை.

“விருதுநகர், லைன்ல இருங்க... திண்டுக்கல் பிஸியா இருக்கு சார்... ஹலோ, கம்பம், கம்பம்... சத்தமாப் பேசுங்க.”

அது அவள் குரல் இல்லை. பளிங்கு மாதிரி ஒரு குரல். இருபது வயதுப் பெண்ணின் குரல். போர்வையின் நீலக் கட்டங்களில் விரலை வைத்து அழுத்துகிறாள், எடுக்கிறாள், வேறு கட்டத்தில் வைக்கிறாள்.

அம்மா டெலிபோன்ஸில் ட்ரங்க் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம். ஆபரேட்டர்தான் போர்டில் ஒயரைச் செருகி இரண்டு ஊர்களைச் சேர்த்துவைப்பார். நான் பிறப்பதற்குள் அந்த போர்டுகளெல்லாம் போய், அம்மாவுக்கு கவுன்டரில் வேலை மாற்றிவிட்டார்கள். சுபா அக்கா சின்ன வயதில் அம்மாவோடு டியூட்டிக்குப் போய் அங்கேயே போர்டுக்குக் கீழே தூங்கியிருக்கிறாளாம். எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது.

“அம்மா, எக்ஸ்சேஞ்சே மூடியாச்சு. இது வேற இடம்” என்றேன். விரல் நின்றது. முகம் அணைந்த மாதிரி ஆகிவிட்டது.

உடம்பு துடைக்க வந்த சிஸ்டரிடம் சொன்னேன், மூளைக்கு ஸ்கேன் வேண்டாமா என்று.

“மருந்தைக் கொஞ்சம் பாப்போம், டாக்டர்கிட்டயும் சொல்றேன். பயந்தாங்களா? கத்துனாங்களா?”

“இல்ல. சந்தோஷமா இருந்தாங்க.”

“அப்ப வேலைக்குப் போயிட்டு வந்திருக்காங்க. நீங்க ஏன் தம்பி லீவு போடச் சொல்றீங்க?”

டிசம்பர் 18, புதன்

காற்று மெத்தையின் பம்ப் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தேன். ரப்பர் புஷ் தேய்ந்திருந்தது. சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தேன். சுத்தமாகச் சத்தம் போய்விட்டது.

“ஏன் நிப்பாட்டுன?” என்றாள் அம்மா. “மழை பேஞ்ச மாதிரி இருந்துச்சு.”

சைக்கிள் டியூப்பை எடுத்துவிட்டேன். மறுபடி மழை.

டிசம்பர் 20, வெள்ளி

யாரும் இல்லாத நேரம் பார்த்து முயற்சி செய்தேன். கட்டிலருகே நின்று, “ஹலோ எக்ஸ்சேஞ்ச்?” என்றேன்.

“மதுரை ட்ரங்க்ஸ். சொல்லுங்க.” கண் மூடியிருந்தது.

“மெட்ராசுக்கு ஒரு கால் வேணும்.”

“ஆர்டினரியா, அர்ஜென்ட்டா?”

“அர்ஜென்ட்.”

“எல்லாருக்கும் அர்ஜென்ட்தான். காத்திருங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“லைன் கிடைக்கிறப்ப.”

வேலையில் இந்தப் பதிலை யாராவது சொன்னால் நான் கத்துவேன். காத்திருந்தேன். பனி ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து வந்தது. ஒரு தட்டான் உள்ளே வந்து மருந்து ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்து இறக்கையைத் தாழ்த்தியது. பக்கத்துக் கட்டில்காரர் எதற்கோ தூக்கத்தில் சிரித்தார். பம்ப் மழை பெய்தது. பூமிக்கடியில் எங்கோ என் கேபிள்கள் எல்லாம் ஒளியோடு ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்கு நான் தேவையில்லை என்று தோன்றியது. நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன்.

அம்மாவின் குரல் கேட்டு முழித்தேன். யாரிடமோ தணிந்து பேசினாள்.

“ஆமாங்க, பி.பி. கால்தான்... ஆள் இருக்காரு. இன்னும் உக்காரலை. லைன்ல இருங்க.”

பி.பி. கால் என்றால் என்னவென்று சிஸ்டருக்கும் தெரியவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும்தான் இணைப்பார்களாம். வேறு யார் எடுத்தாலும் லைன் கிடையாது.

டிசம்பர் 22, ஞாயிறு

மாமா ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். அம்மா உதட்டை நனைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா ஸ்பூனோடு பின்னாலேயே போனார். “ஒரு வாயிக்கா, ஒரே வாயி. பொங்கலுக்கு அப்புறம் கீமோவுக்குத் தெம்பு வேணுமுல்ல?”

“சூப்புல உப்பு கம்மி” என்றாள் அம்மா. உப்பு சரியாகத்தான் இருந்தது. நான்தான் மீதியைக் குடித்தேன்.

வெளியே வந்து மாமா சிஸ்டரைப் பிடித்துக்கொண்டார். சாப்பிடாத ஆளுக்கு குளுகோஸ் ஏற்றாமல் எதற்கு ஆஸ்பத்திரி என்று. சிஸ்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அந்த உடம்பு இப்போது கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது, சரக்கு இறக்கினால் வைக்க இடமில்லை, ஏற்றுகிற தண்ணீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். மாமா காதில் வாங்கவில்லை. “மாப்ள, நீ படிச்சவன், நீ சொல்லு” என்றார்.

எனக்கும் குளுகோஸ்தான் சரியென்று பட்டது. ஏதாவது ஒன்று ஏற வேண்டும், ஒரு பாட்டில், ஒரு எண். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அக்காவின் மிஸ்டு கால் மூன்று.

டிசம்பர் 23, திங்கள்

இளநீரை ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, உடைத்து, சின்னத் துண்டாக நாக்கில் வைக்கச் சொன்னார் சிஸ்டர். அம்மா சப்புகிறாள். கண் மேலே போகிறது. நாள் முழுக்க இதே வேலை. நன்றாக இருக்கிறது.

“முகுந்தா.”

“உம்.”

“உக்காந்துட்டியா?”

“நின்னாத்தாம்மா கை எட்டுது.”

டிசம்பர் 24, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மாமா ஆம்புலன்ஸோடு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. படுக்கை சொல்லிவைத்துவிட்டார். “எங்கக்காளை இப்படிப் பட்டினி போட்டுக் கொல்ல விடமாட்டேன்” என்று வாசலிலேயே சத்தம். மற்றக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் வந்து நிதானமாக, கூட்டிப் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது, அங்கே குழாய் போடுவார்கள், உள்ளே யாரும் கூட இருக்க முடியாது, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றார்.

“அவகிட்ட என்னத்தைக் கேக்குறது? அவளுக்கு ஒண்ணும் தெரியாது!”

மாமா உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். எந்தப் பக்கம் நிற்பதென்று எனக்கு முடிவாகவில்லை. மீட்டரில் எண் இறங்கியிருந்தது. ஐ.சி.யு.வில் திரைகள் இருக்கும் என்று நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். கட்டங்களில் விரல் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது. அந்தப் பளிங்குக் குரல் வந்தது.

“சந்தானம். உக்காந்துட்டியா?”

மாமா அப்படியே நின்றார். தொண்ணூறு கிலோ ஆள். கை தேடியது, நாற்காலி இல்லை. அந்த சிமெண்டுத் தரையிலேயே, வெள்ளை வேட்டியோடு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“பேசுங்க” என்றாள் அம்மா. பிறகு அவள் தூங்கிவிட்டாள்.

ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பிப் போனது. மாமாவை வராந்தாவுக்குக் கூட்டி வந்து டீ கொடுத்தேன். கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“உனக்குத் தெரியாதாடா?”

“என்னது மாமா?”

“உங்கம்மா வேலைக்குச் சேந்த புதுசுல உசிலம்பட்டியில ஒரு கமிஷன் மண்டிக்கு கால் போட்டுக் குடுத்திருக்கா. சாவுச் சேதி. அந்த ஆளு நின்னுக்கிட்டே கேட்டிருக்கான். பொத்துன்னு ஒரு சத்தம். அப்புறம் ரிசீவர் தொங்கிக்கிட்டு செவுத்துல டொக்கு டொக்குன்னு இடிக்கிறது மட்டும் இவளுக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். அன்னையில இருந்து, சாவுச் சேதின்னு தெரிஞ்சா, லைனைக் குடுக்க முன்னாடி கேப்பா. ‘உக்காந்துட்டீங்களா?’ன்னு. ஆபரேட்டரு அதெல்லாம் பேசப்படாது. சூப்பர்வைசரு மெமோ குடுத்தாரு. இவ விடலை.”

“சரி.”

“எங்கப்பா செத்தப்ப நான் சிவகாசியில பிரஸ்ல இருந்தேன். கால் வந்துச்சு. எடுத்தா இவதான். ஒரு வார்த்தை அழுகலை மாப்ள. ‘சந்தானம், உக்காந்துட்டியா?’ன்னா.” டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். “இப்ப அவ யாரு சாவை எனக்குச் சொல்றா?”

பனி விலகி மலை வந்திருந்தது. மரங்கள் தனித்தனியாகத் தெரியுமளவுக்குக் கிட்டத்தில். இந்த நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய்ப் படித்தேன். வந்த அன்றைக்கே கேட்டிருக்கிறாள். சார்ஜர் தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 25, புதன்

சிஸ்டர் கேக் கொண்டுவந்தார். எல்லாக் கட்டிலுக்கும் ஒரு விரல் க்ரீம். அம்மா அதை நாக்கில் வைத்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

பிறகு நான் நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டேன். மீட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

“அம்மா, உக்காந்துட்டேன்.”

கண்ணைத் திறந்து பார்த்தாள். முட்டியைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். சோதனை.

“இப்பத்தான் லைன் கிடைச்சுது” என்றாள். மயக்கமில்லாத, எங்கள் வீட்டுக் குரல்.

“எப்பத்துல இருந்தும்மா தெரியும்?”

“நீ பொய் சொன்னா குரலு ஒரு நூல் ஏறும். சின்னப் பிள்ளையிலயே. குரலை மட்டும் கேட்டே வேலை பாத்தவடா நான். என் காதுபடவே சுபாகிட்ட சிக்னல் இல்லைங்கிற.”

“ஏன் நீயா சொல்லலை?”

“நின்னுக்கிட்டே இருந்தா எப்படிச் சொல்ல?”

நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னது, ஸ்கேனில் இருப்பது, ஈரல் என்ன செய்யும் என்பது. ஆபீஸில் கேபிள் பழுதுக்கு டிக்கெட் எழுதுவதைப்போல வரிசையாகச் சொன்னேன். அம்மா குறுக்கிடாமல் கேட்டாள். நடுவில் என் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கை வந்து என் தலையில் இருந்தது, கட்டத்தில் விரல் வைப்பதுபோல.

“வலிக்காம இருக்குமா?”

“அதுக்குத்தாம்மா இவங்க இருக்காங்க.”

“போதும்” என்றாள். பிறகு: “சுபாவுக்கு ஒரு கால் போடு. பி.பி. கால்.”

“அக்கா உடம்புக்கு... மாமா வேண்டாம்னு...”

“மறைச்சு வச்சா அப்புறம் அவளும் நின்னுக்கிட்டுத்தான் கேப்பா.”

டிசம்பர் 26, வியாழன்

அவசரப்படவில்லை. ஜெசிந்தா சிஸ்டர் சொன்னபடி முதலில் அத்தானுக்குப் பேசினேன். அத்தான் அக்காவின் டாக்டரைக் கேட்டார். பக்கத்தில் ஆள் இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம் என்று அந்த டாக்டரும் சொன்னாராம். அத்தான் லீவு போட்டுவிட்டு அக்காவின் கட்டிலுக்கு வந்த பிறகு போட்டேன்.

அக்கா எடுத்ததும், “என்னடா, கும்பகர்ணி எந்திரிச்சாச்சா?” என்றாள்.

போனை அம்மாவின் காதருகே தலையணையில் சாய்த்து வைத்தேன்.

“மதுரை ட்ரங்க்ஸ்” என்றாள் அம்மா. “சுபாஷிணி இருக்காங்களா?”

அந்தப் பக்கத்திலிருந்து பனி விழுவதுபோல ஒரு இரைச்சல்.

“உக்காந்துட்டியா கண்ணு?”

“படுத்துத்தாம்மா இருக்கேன்.” அக்காவின் குரல் மெலிந்து வந்தது. போர்டுக்குக் கீழே தூங்கிய குழந்தையின் குரல் அப்படித்தான் இருந்திருக்கும். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு” என்றாள் அம்மா. என்னைப் பார்த்தாள். “கனெக்ட் பண்ணிட்டா ஆபரேட்டரு காதை எடுத்துரணும். போ.”

வெளியே வந்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கேட்கவும் மாட்டேன். வேலி ஓரமாக நடந்தேன். புல்லெல்லாம் நனைந்து, ஒவ்வொரு சிலந்திவலையிலும் தண்ணீர் கோத்திருந்தது. ஜன்னலைத் தாண்டும்போது ஒரு தடவை அம்மா சிரிப்பது கேட்டது. இன்னொரு தடவை தாண்டும்போது ஒரு பெயர் காதில் விழுந்தது. பிள்ளைக்கு வைக்கிற பெயராக இருக்கும். அதை இங்கே எழுதக் கூடாது, அது என் கால் இல்லை.

வலி இரண்டு.

டிசம்பர் 27, வெள்ளி

மாமா வந்தார். சூப் இல்லை. பாதம் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். “அடுத்த கீமோ எப்படா?” என்று அம்மா அவரைக் கிண்டல் செய்தாள். மாமா முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

ஐஸ் துண்டும் வேண்டாம் என்கிறாள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்கிறேன். தூங்குகிற நேரம்தான் அதிகம். கேட்கிற சக்தி கடைசி வரைக்கும் இருக்கும், பேசிக்கொண்டே இருங்கள் என்றார் சிஸ்டர். எனக்கு என்ன பேசத் தெரியும்? ஃபைபரில் ஒளி எப்படிப் போகிறது என்று சொன்னேன். முடியளவு கண்ணாடி, அதற்குள் சுவரில் முட்டி முட்டி வெளிச்சம் போகும், கடலுக்கடியில் மஸ்கட் வரைக்கும்கூடப் போகும்.

உதடு அசைந்தது. குனிந்தேன்.

“மஸ்கட், லைன்ல இருங்க.”

டிசம்பர் 31, செவ்வாய்

சிஸ்டர் எனக்குச் சாப்பாடு ஊட்டாத குறை. அம்மா மூச்சில் இடைவெளி வருகிறது, பயப்பட வேண்டாம், இது இப்படித்தான் என்றார். இடைவெளிகளில் பம்ப் மழை கேட்கிறது. எண்ணிப் பார்க்க வாட்ச்சைத் தூக்கினேன். பிறகு கழற்றி வைத்துவிட்டேன்.

போர்டில் உதிர்ந்த எழுத்துகள் என்னவென்று இத்தனை நாளாகக் கேட்க நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 1, புதன்

அக்காவின் குரலைத் தலையணையில் வைத்தேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நான் காதை எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 2, வியாழன்

காலையில் நல்ல பனி. அம்மாவின் கை என் கையில் இருந்தது. விரல் போர்வையில் ஒரு கட்டத்தைத் தொட்டது, அதை எடுக்கவில்லை. அடுத்த மூச்சு வருமென்று இருந்தேன். பனி விலகி, வேலி தெரிந்து, வேலிக்கு அப்பால் வயல் தெரிந்து, மலை தெரிந்தது. ஜெசிந்தா சிஸ்டர் வந்து தோளில் கை வைத்தபோதுதான் நான் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

பம்பை நிறுத்தினார்கள்.

அம்மாவைத் துடைத்து, தலை வாரி, அவளுக்குப் பிடித்த அரக்குப் புடவை கட்டினார்கள். என்னையும் சீப்பைப் பிடிக்கச் சொன்னார் சிஸ்டர். மாமா வந்துகொண்டிருக்கிறார்.

போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மகிழமரத்தடியில் சிமெண்டு பெஞ்ச். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்னவென்று தெரியும். எண்ணை அழுத்தப் போனவன், நான் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்து, பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு அழுத்தினேன்.

ஒரு மணிதான் அடித்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்:

“எந்திரிச்சு உக்காந்துட்டேன்டா. பேசு.”